ஏறிய நட்டெல்லாம் சரியான நட் அல்ல: பழைய காரின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் பிழை நீக்கும் வழிமுறை

பழைய காரின் சஸ்பென்ஷனைப் பிரித்தவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு, கழற்றிய துருப்பிடித்த போல்ட்டுகளைக் குப்பையில் போடுவது. வேலை முடிந்து கார் நூறு கிலோமீட்டர் ஓடும்வரை ஒன்றையும் எறியாதீர்கள். எது எந்தத் துளையில் இருந்தது, தலை எந்தப் பக்கம் பார்த்தது, எத்தனை வாஷர் இருந்தன என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். தேய்ந்த இடமும் வளைந்த விதமும் மரையின் நிறமும் கோளாறு என்னவென்று சொல்லிவிடும்.

அதற்காகப் பழைய போல்ட் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். ஐம்பது வருடக் காரில் எத்தனை கைகள் பட்டிருக்கும்! கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கிவிட்டுப் போனவர் யாராவது இருந்திருப்பார். ஆகவே போல்ட்டோடு நட்டையும், துளையையும், புஷ்ஷின் (மூட்டில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) நடுவில் போல்ட் நுழையும் உள்குழலையும் சேர்த்தே விசாரியுங்கள். நான்கும் ஒரே பதிலைச் சொன்னால்தான் அது தொழிற்சாலையில் போட்ட அளவு.

கையில் இருக்க வேண்டியவை: வெர்னியர், மரை அளவி (இரும்புப் பல் தகடுகள் விசிறிபோல விரியும் சிறு கருவி), டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு எண் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்), அளவு உறுதியாகத் தெரிந்த புது நட்டுகள் சில. இந்தச் சோதனை நட்டுகளை ஒரு கம்பியில் கோத்துத் தனியாக மாட்டி வைப்பது என் வழக்கம். காரை ஸ்டாண்டின்மேல் நிறுத்தாமல், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள். கீழ்க் கையின் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்ப்பக்க இரும்புக் கரம்) போல்ட்டை உருவும்போது, அந்தக் கையைத்தான் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்தாமல் போல்ட்டில் கை வைக்கக் கூடாது.

அறிகுறி: நட் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறி, பிறகு இறுகி நிற்கிறது

மரை அழுக்காக இருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் விட்டு மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் இரண்டும் வேறு வேறு குடும்பம். இங்கே ஸ்பேனரைப் போட்டு முறுக்குபவர் மரையை அழித்துவிட்டுத்தான் ஓய்வார்.

குடும்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1841-இல் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அதே கோணத்தில் நெருக்கமான புரிகளோடு (மரையின் ஒவ்வொரு சுற்றும் ஒரு புரி) வந்தது பி.எஸ்.எஃப். 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒப்புக்கொண்ட பொது மரைக்குக் கோணம் 60 பாகை. அதில் அகலப் புரி யு.என்.சி., நெருங்கிய புரி யு.என்.எஃப். மெட்ரிக் மரைக்கும் 60 பாகைதான், ஆனால் அளவுகள் மில்லிமீட்டரில். ஐம்பதுகளுக்கு முந்தைய பிரிட்டிஷ் காரென்றால் விட்வொர்த், பி.எஸ்.எஃப். ஆகியவற்றைச் சந்தேகியுங்கள், அதற்குப் பிந்தையது பெரும்பாலும் யு.என்.எஃப். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியக் கார்களில் மெட்ரிக். மெட்ரிக்கிலும் ஒரு பிரிவு உண்டு: 10 மி.மீ. போல்ட்டில் ஜெர்மானியர்கள் பெரும்பாலும் ஒரு புரிக்கு 1.5 மி.மீ. வைப்பார்கள், ஜப்பானியர்கள் 1.25.

இரண்டு சுற்றில் சிக்கும் ஜோடிக்கு நல்ல உதாரணம் 7/16 அங்குலம். பி.எஸ்.எஃப். என்றால் அங்குலத்துக்கு 18 புரி, யு.என்.எஃப். என்றால் 20. தடிமன் ஒன்றே, நுனியில் சிநேகமாகச் சேரும், உள்ளே போகப் போகச் சண்டை. 3/8 அங்குலத்தில் இதே சண்டை 20-க்கும் 24-க்கும் இடையே. அகலப் புரியில் கதை கொஞ்சம் மாறும்: 3/8 விட்வொர்த்துக்கும் 3/8 யு.என்.சி.க்கும் புரி 16-தான், கோணம் மட்டும் வேறு என்பதால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும். ஏறுகிறது என்பதற்காகச் சஸ்பென்ஷனில் போட்டுவிடாதீர்கள். அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த் 12, யு.என்.சி. 13, அங்கே ஏமாற வழியில்லை.

பொது மரை வந்த காலத்துப் போல்ட்டுகள் சிலவற்றின் தலையிலோ பக்கத்திலோ ஒன்றையொன்று தொட்டபடி மூன்று சிறு வட்டங்கள் இருக்கும். அது பொது மரை என்பதற்கான முத்திரை. தலையின் அளவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எம்.ஜி. டி வரிசைக் கார்களின் எஞ்சினில் மரை மெட்ரிக், தலை விட்வொர்த்! விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண்கூடத் தலையின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன்.

அறிகுறி: நட் கையாலேயே கடைசிவரை ஏறுகிறது, ஆனால் லேசாக ஆடுகிறது

இந்தப் பட்டியலில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். சிக்கிக்கொள்ளும் நட் எச்சரிக்கையாவது செய்கிறது. இது சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும்.

அரை அங்குல யு.என்.எஃப். நட்டில் அங்குலத்துக்கு 20 புரி, அதாவது ஒரு புரிக்கு 1.27 மி.மீ. எம்12 × 1.25, அதாவது 12 மி.மீ. தடிமனுள்ள மெட்ரிக் போல்ட்டில் ஒரு புரிக்கு 1.25 மி.மீ. நட்டின் நீளத்துக்குள் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மரை அளவியை வைத்தாலும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல உட்காரும். ஸ்பேனரும் பொய் சொல்லும்: அரை அங்குலப் போல்ட்டின் தலை 3/4 அங்குலம், அதாவது 19.05 மி.மீ.; பழைய எம்12 தலை 19 மி.மீ. ஒரே ஸ்பேனர் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒன்றின் தடிமன் 12.7, மற்றொன்று 12. அந்த முக்கால் மில்லிமீட்டருக்குள் மரை ஒன்றையொன்று பற்றும் ஆழம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கையால் ஏறும், ஸ்பேனருக்கும் ஓரளவு இறுகும், பாரம் ஏறினால் உருவிக்கொண்டு வரும்.

கம்பி கட்டும் தொழிலில் மூன்று நூல் என்றால் 10 மி.மீ., நான்கு நூல் என்றால் 12 மி.மீ. என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லும். போல்ட்டில் ஒரு நூல் என்பது 1/8 அங்குலம்; மூன்று நூல் 9.525 மி.மீ., நான்கு நூல் 12.7 மி.மீ. நானே ஒருமுறை நான்கு நூல் நட்டில் எம்12 போல்ட்டை ஏற்றி, "அடடா, எவ்வளவு வழுவழுப்பு" என்று மகிழ்ந்திருக்கிறேன். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்ல மறுத்ததால் பிழைத்தேன்.

சோதிக்கும் முறை இதுதான். தடிமனைத் தண்டில் (மரை வெட்டாத வழுவழுப்பான பகுதி), தேயாத இடத்தில், வெர்னியரால் அளங்கள். மரையின் மேல் அளந்தால் சரியான போல்ட்டிலும் 0.1 முதல் 0.2 மி.மீ. குறைவாகக் காட்டும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். பிறகு நட்டை நான்கைந்து புரி ஏற்றிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சரியான ஜோடியில் மெல்லிய அசைவு இருக்கும். தவறான ஜோடியில் நட் தலையாட்டும்.

அறிகுறி: டார்க் எண்ணைத் தொட்டுவிட்டது, ஆனால் புஷ் இன்னும் தளர்வாக இருக்கிறது

நட் பிராக்கெட்டை (புஷ்ஷை இரண்டு பக்கமும் பிடிக்கும் தகடுகள்) அழுத்தவில்லை. மரை முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் போய் முட்டி நிற்கிறது. தண்டு நீளமான போல்ட்டைப் போட்டிருக்கிறீர்கள்.

இதற்குப் பயந்து தலைவரை மரை போட்ட முழுமரை போல்ட்டுக்குத் தாவுவது இன்னும் பெரிய தவறு. பிராக்கெட்டும் உள்குழலும் சந்திக்கும் இடத்தில் மரை இருக்கக் கூடாது, முழுத் தடிமனுள்ள தண்டுதான் இருக்க வேண்டும். மரைப் பள்ளம் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்க ஏற்ற இடம். தவிர, துளையின் ஓரத்தை மரை அரம்போல அராவும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிராக்கெட் தகடு 4 மி.மீ., உள்குழல் 54, மறுபக்கத் தகடு 4. மொத்தப் பிடி 62 மி.மீ. வாஷர், நட், வெளியே தெரிய வேண்டிய இரண்டு மூன்று புரி எல்லாம் சேர்த்து 80 மி.மீ. நீளத்தில் எம்12 போல்ட் போதும் என்று தோன்றும். ஆனால் 125 மி.மீ. வரையிலான மெட்ரிக் போல்ட்டுகளில் மரையின் நீளம் தடிமனைப்போல் இரண்டு மடங்கும் அதோடு 6 மி.மீ.யும். எம்12-க்கு 30. ஆக 80 மி.மீ. போல்ட்டில் தண்டு 50 மட்டுமே. இரண்டாவது தகட்டுக்கு 8 மி.மீ. முன்பே மரை தொடங்கிவிடும். ஆகவே 90 மி.மீ. போல்ட்டை எடுத்து, நுனியில் உபரியை அறுத்துச் சாய்வாக அராவிவிடுங்கள். தண்டு முடியும் இடத்தில் மரை முழு ஆழம் பெறாமல் மங்கலாக ஓடும் சில புரிகளும் உண்டு. அதனால் அட்டவணையோடு நிற்காமல், போல்ட்டைக் கையில் வைத்து அளந்து வாங்குங்கள். தண்டு ஓரிரண்டு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் கடினப்படுத்திய வாஷர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டலாம். மெல்லிய சாதாரண வாஷர் வேண்டாம். பாரத்தில் கிண்ணம்போல் குழிந்து, இறுக்கத்தைத் தின்றுவிடும்.

அங்குலப் போல்ட்டுகளுக்கும் இதே கணக்குதான். 6 அங்குல நீளம்வரை, தடிமனைப்போல் இரண்டு மடங்கும் கால் அங்குலமும் மரை.

அறிகுறி: பிரேக் போடும்போதும் பின்னே எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டக்'

புஷ் புதிது, பால் ஜாயின்ட் (கையையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் குண்டு மூட்டு) புதிது, ஆனாலும் சத்தம். பெரும்பாலும் போல்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சஸ்பென்ஷன் போல்ட்டைக் கதவுக் கீலின் ஆணி என்று நினைத்துக்கொள்கிறோம். ரப்பர் புஷ்ஷில் அது ஆணி அல்ல, இடுக்கி. இரண்டு பிராக்கெட் தகடுகளையும் இழுத்து உள்குழலை நசுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. குழல் அசையாமல் நிற்க, ரப்பர் மட்டும் முறுக்கிக்கொள்ள வேண்டும். பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடியின் உராய்வு. பிடி தளர்ந்தால் குழல் போல்ட்டைச் சுற்றிச் சுழலும், துளைக்குள் போல்ட் முன்னும் பின்னும் அடிக்கும். அந்த அடிதான் 'டக்'.

போல்ட்டை உருவிப் பாருங்கள். தண்டில் பளபளக்கும் வளையமோ, நகத்தில் தட்டுப்படும் படியோ இருந்தால் குழல் சுழன்றிருக்கிறது. துளையைப் பாருங்கள்: முட்டை வடிவம் ஆகியிருந்தால் புதுப் போல்ட் எந்த நன்மையும் செய்யாது. துளையைப் பெரிதாக்கித் தடிமனான போல்ட் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். உள்குழலுக்குள் அது நுழையாது, பிராக்கெட்டின் ஓரமும் மெலியும். சரியான துளையுள்ள கடின வாஷரைப் பிராக்கெட்டின்மேல் வைத்துப் பற்றவைப்பதோ, பிராக்கெட்டையே மாற்றுவதோதான் வழி. பற்றவைப்பதானால் அனுபவமுள்ள கை வேண்டும், ரப்பர் அருகில் இருக்கக் கூடாது.

எம்12 துளையில் 7/16 அங்குலப் போல்ட்டைப் போட்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். 7/16 என்பது 11.11 மி.மீ.; அந்த இடைவெளி போதும்.

அறிகுறி: புது ரப்பர் சில மாதங்களில் கிழிந்துவிட்டது

போல்ட் சரி, நேரம் தவறு. சக்கரம் தொங்கிய நிலையில் இறுக்கியிருக்கிறீர்கள். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் அந்த அளவுக்கு முறுக்கிக்கொண்டு, நின்ற நிலையிலேயே வதைபடுகிறது. நட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, காரின் எடை சக்கரத்தின்மேல் உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள்.

அறிகுறி: போல்ட் உடைந்துவிட்டது

உடைந்த முகத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இந்த முகம் அதிகம் பேசும்.

ஒரு ஓரத்தில் தொடங்கி ஈர மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல வளைவரிகள் பரவி, கடைசியில் சொரசொரப்பான சிறு பகுதி இருந்தால் அது களைப்பு முறிவு. நெடுநாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்திருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் பலம் போதாமை அல்ல, இறுக்கம் போதாமை. நன்றாக இறுகிய போல்ட் ஏற்றஇறக்கத்தை மிகக் குறைவாகவே உணரும். தளர்ந்த போல்ட் ஒவ்வொரு குழியையும் எண்ணும். இன்னும் வலிமையானதைப் போட்டு, அதே தளர்வில் விட்டால் அதுவும் உடையும்.

கழுத்து இழுபட்டு மெலிந்து முறிந்திருந்தால், அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள், அல்லது தரம் குறைந்த போல்ட். எண்ணெய் தடவிய மரையில் உலர்ந்த மரைக்கான டார்க்கைக் கொடுத்தாலும் இதுவே நடக்கும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை உராய்வு விழுங்கிவிடுகிறது, மிச்சம்தான் பிடி. எண்ணெயால் உராய்வு குறைந்தால், அதே எண்ணில் பிடி எகிறும்.

மெலியவும் இல்லை, வரிகளும் இல்லை, இறுக்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ நின்ற இடத்திலேயே 'பட்' என்று தலை தெறித்ததா? மிக உயர்தரப் போல்ட்டுக்கு அமிலத்தில் துரு நீக்கி முலாம் பூசினீர்களா என்று யோசியுங்கள். அந்த வேலையில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். 10.9, 12.9 தரப் போல்ட்டுகளை வீட்டில் அமிலத் தொட்டியில் போடாதீர்கள்.

தரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெட்ரிக் தலையில் 8.8 என்றிருந்தால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காட்டில், அதாவது 640-இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும். அமெரிக்க அங்குலப் போல்ட்டில் கோடுகளை எண்ணி இரண்டைக் கூட்டுங்கள்: மூன்று கோடு ஐந்தாம் தரம், ஆறு கோடு எட்டாம் தரம். ஐந்தாம் தரத்தை ஏறக்குறைய 8.8-க்கும், எட்டாம் தரத்தை 10.9-க்கும் இணையாகக் கொள்ளலாம். பழைய பிரிட்டிஷ் போல்ட்டில் ஆர், எஸ், டி என ஆங்கில எழுத்துகள் இருக்கும். எஸ் என்பது 8.8-க்கு அருகில். தலையில் ஒன்றுமே இல்லாத புதுப் போல்ட்டைச் சஸ்பென்ஷனில் போடாதீர்கள். கழற்றியது எந்தத் தரமோ அதற்குக் குறையாமல் போடுங்கள். நட்டும் அதே தரத்தில் வேண்டும்: 8.8 போல்ட்டுக்கு 8, 10.9 போல்ட்டுக்கு 10. எஃகுக்கடை மினுமினுப்பில் மயங்கி ஸ்டெயின்லெஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நீளத் தொடங்கும், இறுக்கும்போது மரையோடு மரை ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. துருப்பிடிக்காதுதான். அதை நம்பர் பிளேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தலை சுழல்கிறது, போல்ட் வெளியே வரவில்லை

உள்குழலோடு துருவால் ஒன்றாகிவிட்டது. துரு நீக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றுங்கள். நட்டை நுனிவரை வைத்துக்கொண்டு, அதன்மேல் அடியுங்கள். வெறும் மரையில் அடித்தால் நுனி காளான்போல் விரியும். நெருப்பு வைத்தால் ரப்பர் எரியும், கரும்புகை கண்ணைக் கெடுக்கும். புஷ்ஷை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் பிராக்கெட்டுக்கும் குழலுக்கும் இடையில் ரம்பம் விட்டு, இரண்டு பக்கமும் அறுத்துவிடுவதே மரியாதை. புதியதைப் போடும்போது தண்டில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், மரையில் அல்ல.

அறிகுறி: பால் ஜாயின்ட்டின் நட்டை முறுக்கினால் உள்ளே கம்பியும் சேர்ந்து சுற்றுகிறது

கம்பியின் கூம்பான பகுதி அதன் துளையில் சரியாக உட்காரவில்லை. ஜாக்கியால் கீழிருந்து மெல்ல அழுத்திக்கொண்டு நட்டை முறுக்குங்கள். கிரீட நட் (நழுவாமல் பூட்டும் காட்டர் பின்னுக்காகப் பள்ளங்கள் வெட்டிய நட்) என்றால், பின் துளை நேராக வருவதற்காக ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். அடுத்த பள்ளம் வரும்வரை முன்னோக்கியே போக வேண்டும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் மரையைப் பற்றும் நட்) மறுபடி பயன்படுத்த வேண்டாம். கையால் கடைசிவரை ஏறும் நைலாக், நைலாக் அல்ல.

அறிகுறி: ஒரு பக்கம் பொருந்தியது, மறுபக்கம் முதல் புரியே ஏறவில்லை

போல்ட்டைத் திட்டுவதற்கு முன் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர், மாரிஸ் மைனர் போன்ற கார்களில் முன்சக்கரம் திரும்புவதே ஒரு மரையின்மேல்தான். செங்குத்துத் தண்டின் அடியில் டிரன்னியன் என்ற திருகு மூட்டு இருக்கும். அது ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. இடம் மாற்றிப் போட முயன்றால் ஏறாது. டிரையம்ப்பில் இந்த மூட்டுக்குள் கியர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கிரீஸ் அல்ல. எண்ணெய் வற்றினால் செங்குத்துத் தண்டின் மரை தேய்ந்து, ஈரம் புகுந்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். டிரன்னியனைக் கடைசிவரை முடுக்கி நிறுத்தவும் கூடாது; முழுதாக ஏற்றி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் எல்லைவரை திரும்பும் அளவு பின்வாங்க வேண்டும்.

அறிகுறி: லீஃப் ஸ்பிரிங் யு-போல்ட்டுகள் திரும்பத் திரும்பத் தளர்கின்றன

பழையதையே மறுபடி போட்டிருந்தால் மாற்றுங்கள். ஒருமுறை இழுபட்டது பழைய பிடியைத் தராது. அடுக்குகளுக்கு இடையே இருக்கும் துருவும் பெயிண்ட்டும் நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு, காரின் எடை ஸ்பிரிங்கின்மேல் இருக்கும்போதே, நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக மறுபடி இறுக்கிப் பாருங்கள். இறுக்கியதும் நட்டிலிருந்து தட்டுவரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது.